ஜே.சி. ரோட்டு ஆல்டர்னேட்டர் பட்டறை: கழற்றியதும் மாட்டியதும் வீட்டில், பழுதுபார்த்தது அங்கே

பெங்களூரு ஜே.சி. ரோட்டில், டவுன் ஹாலுக்கும் மினர்வா சர்க்கிளுக்கும் இடையில் பிரியும் குறுக்குச் சந்து ஒன்றில், வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும், எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரும் மட்டுமே பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டருக்கு மேலே சங்கிலியில் தொங்கும் பழைய ஆல்டர்னேட்டர்தான் அடையாளம். எங்கள் 2012 மாடல் சிறிய பெட்ரோல் காரின் ஆல்டர்னேட்டரை அலசூரில் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்திலேயே கழற்றி, அந்தப் பட்டறையில் பழுதுபார்த்து, மறுநாள் நானே திரும்பப் பொருத்தினேன். அதற்குப் பின் நான்கு மாதங்களில் வண்டி ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பட்டறையின் வேலையை நிதானமாக மதிப்பிட இந்த இடைவெளி போதும் என்று நினைக்கிறேன். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டோடு சேர்த்து மொத்தம் 3,230 ரூபாய் ஆனது. அந்தப் பணத்துக்குக் கிடைத்தது மிக நல்ல வேலை. குறைகளும் இரண்டு உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பழுது என்ன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பட்டறையின் அருமை அதிலிருந்துதான் விளங்கும். டிசம்பர் மாதத்தில் ஒரு வாரம் முழுவதும் காலையில் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வரும். பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப்பர் கேபிள் போட்டுக் கிளப்பினால் மாலை வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். பேட்டரி விற்கும் கடை ஒன்றில் காட்டியபோது, அங்கிருந்தவர் பேட்டரியை மட்டும் சோதித்துவிட்டு, அது செத்துவிட்டது என்றார். அதற்கு மூன்றரை வயது ஆகியிருந்ததால் நானும் நம்பி, 4,300 ரூபாய் கொடுத்து 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை மாற்றினேன். மறுநாள் காலையில் புதிய பேட்டரியும் அதேபோலப் படுத்துவிட்டது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, வண்டியை நிறைய ஓட்டுங்கள், தானாகச் சார்ஜ் ஏறிவிடும் என்றார்கள். ஆல்டர்னேட்டரை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் அப்போதே பழுது தெரிந்திருக்கும்.

ஏனென்றால், அடுத்த நாள் விடியற்காலையில் பானெட்டைத் திறந்து நான் கை வைத்துப் பார்த்தபோது, எஞ்சின் முழுவதும் சில்லென்று இருக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு சிறிய ஸ்குரூடிரைவரின் முனையை ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்து நடுப்பகுதிக்கு, அதாவது பேரிங் இருக்கும் இடத்துக்கு அருகே கொண்டுபோனேன். அது இழுபட்டுப் போய் ஒட்டிக்கொண்டது. இரவு முழுவதும் நின்றிருந்த வண்டியில் ஆல்டர்னேட்டர் மின்காந்தமாக விழித்துக்கொண்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆல்டர்னேட்டருக்குள் சுழல்வது ஒரு மின்காந்தம். பட்டறைக்காரர்கள் அதை ஆர்மேச்சர் என்பார்கள், புத்தகங்கள் ரோட்டர் என்று சொல்லும். கார்பன் பிரஷ் இரண்டின் வழியாக அதற்குச் சிறிதளவு மின்சாரம் போகிறது. அது சுழலும்போது அதைச் சுற்றியுள்ள மூன்று காயில்களில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. ஆறு டயோட்கள் அதை ஒரே திசையில் பாயவைத்துப் பேட்டரிக்கு அனுப்புகின்றன. எவ்வளவு உற்பத்தி வேண்டும் என்பதை ரெகுலேட்டர் முடிவுசெய்கிறது. டயோட் என்பது ஒருவழிக் கதவு. பேட்டரி பக்கத்து டயோட் ஒன்று பழுதாகி இருபுறமும் திறந்துகொண்டால், எஞ்சின் நின்ற பிறகு பேட்டரியின் மின்சாரம் அதன் வழியே திரும்பி உள்ளே நுழைகிறது. எங்கள் வண்டியில் உள்ளது போன்ற அமைப்பில், அது துணை டயோட்கள் வழியாகச் சென்று ரோட்டரையும் இயக்கத் தொடங்கிவிடும். இரவில் வெதுவெதுப்பும் காந்த இழுப்பும் அப்படி வந்தவைதான்.

மல்டிமீட்டரைப் பத்து ஆம்பியர் அளவில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கம்பிக்கும் முனைக்கும் நடுவே இணைத்துப் பார்த்தபோது 3.1 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி வைத்த வண்டியில் இது 0.05 ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி 3 ஆம்பியர் இழப்பை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது எளிய வகுத்தல். பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை. பேட்டரிக் கம்பியை விலக்கிவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த பி பிளஸ் கம்பியை மட்டும் கழற்றி, அதன் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, மறுபடி அளந்தேன். 0.02 ஆம்பியர். வேறு எங்கும் தேட வேண்டியதில்லை என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டி, வண்டியை ஜம்ப்பர் போட்டுக் கிளப்பி, ஓடும் நிலையில் அளந்தபோது 13.2 வோல்ட்தான் வந்தது. ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டதும் 12.5க்கு இறங்கியது. நல்ல ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை தர வேண்டும். மீட்டரை ஏசி, அதாவது மாறுதிசை மின்னழுத்த, அளவுக்கு மாற்றியபோது 0.9 வோல்ட் அலைவு தெரிந்தது, இதுவும் டயோட் பழுதின் அடையாளமே. மலிவான சில மீட்டர்கள் பேட்டரியின் நேர்மின்னழுத்தத்தையே ஏசி என்று காட்டிவிடும். ஆகவே எஞ்சினை நிறுத்திவிட்டு முதலில் ஒருமுறை அளந்து, சுழியம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "எஞ்சின் ஓடும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார். வண்டி நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். எனக்கும் எங்கள் குடியிருப்பில் இரண்டு பேர் சொன்னார்கள். அம்பாசடரில் டைனமோ இருந்த காலத்தில் அது செல்லுபடியாகியிருக்கலாம். இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால், பேட்டரி என்னும் தாங்கி திடீரென்று விலகியதும் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணம் பல மடங்கு எகிறி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூவையே சுட்டுவிடக்கூடும். 300 ரூபாய் மீட்டர் சொல்லிவிடும் செய்திக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

நிறுவனப் பணிமனை ஒன்றில் விசாரித்தபோது, ஆல்டர்னேட்டரை அவர்கள் பிரிப்பதில்லை என்றும், முழுதாக மாற்றக் கூலியோடு சேர்த்து 15,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றும் சொன்னார்கள். ஒரு டயோட்டுக்காக அவ்வளவு செலவிட மனம் ஒப்பவில்லை. கழற்றிக் கொண்டுபோனால் கூலியும் மிச்சம், கண்முன்னே பிரித்துப் பார்க்கவும் முடியும் என்று என் மைத்துனர் சொன்னார், ஜே.சி. ரோட்டின் அந்தச் சந்தைக் காட்டியதும் அவர்தான்.

கழற்றும் வேலைக்கு எனக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. அதில் ஒரு மணி நேரம் ஒரே ஒரு போல்ட்டோடு போனது. எங்கள் வண்டியில் பெல்ட் வலப்புறம் இருக்கிறது; ஆகவே வலது முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே உள்ள பிளாஸ்டிக் சேறு மறைப்பையும் எடுத்தால்தான் கை போகும். தரை மட்டமாக இருக்கும் இடத்தில், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கிய வண்டியை ஜாக் ஸ்டாண்டின் மேல் இறக்கிய பிறகே வேலையைத் தொடங்கினேன். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்குக் கீழே கையையோ தலையையோ நீட்டக் கூடாது. ஜாக் ஸ்டாண்ட் இல்லாதவர்கள் தயவுசெய்து இந்த வேலையைத் தொட வேண்டாம்.

பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுவதுதான் முதல் வேலை. பி பிளஸ் முனை பேட்டரியோடு நேரடியாக இணைந்திருப்பதால், சாவி போடாவிட்டாலும் அதில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதையும் எஞ்சின் உடலையும் ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறக்கும், முதன்மை ஃபியூஸ் உருகும், கையும் வெந்துபோகும். அடுத்து, பெல்ட்டின் இழுவிசையைத் தளர்த்த, மேலே உள்ள பூட்டுப் போல்ட்டையும் கீழே உள்ள அச்சுப் போல்ட்டையும் இளக்க வேண்டும். மேலே உள்ளது 12 எண் ரிங் ஸ்பேனருக்கு உடனே இளகியது. கீழே உள்ள 14 எண் போல்ட் பதின்மூன்று மழைக்காலங்களின் துருவோடு இறுகிக் கிடந்தது. துருநீக்கி எண்ணெய் அடித்து, முந்தைய இரவே ஊறவிட்டிருந்தால் இந்த ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். எண்ணெய் அடித்து அரைமணி நேரம் விட்டு, போல்ட்டின் தலையில் சுத்தியலால் மெதுவாக நாலைந்து முறை தட்டி, பின் நீளமான கைப்பிடியைப் போட்டு இழுத்தபோது ஒரு 'கிறீச்' சத்தத்தோடு இளகியது. தலை மழுங்கிவிடாமல் இருக்க ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரைத்தான் பயன்படுத்தினேன்; பன்னிரண்டு முனை உள்ளதைத் துருவேறிய போல்ட்டில் போட்டால் வழுக்கிவிடும்.

பெல்ட்டை எடுப்பதற்கு முன் அது எந்தெந்தப் புல்லியில் எப்படிச் சுற்றியிருக்கிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பின்பக்கத்து கனெக்டரின் பிளாஸ்டிக் கொண்டி வெப்பத்தில் காய்ந்து, தொட்டால் உடையும் நிலையில் இருந்தது. அதை அழுத்தி இழுக்காமல், மெல்லிய ஸ்குரூடிரைவரால் சற்றே தூக்கிவிட்டுக் கழற்றினேன். ரப்பர் மூடியை விலக்கி, பி பிளஸ் நட்டைக் கழற்றி, கம்பியை ஓரமாகக் கட்டிவைத்தேன். பிறகு ஆல்டர்னேட்டர் கையோடு வந்துவிட்டது. ஐந்து கிலோவுக்குக் குறையாத பொருள். படுத்த நிலையில் அதைக் கீழே வாங்கும்போது முகத்துக்கு நேரே பிடிக்காமல் இருப்பது நல்லது.

இனி பட்டறை. ஒரு மின்மோட்டார் பொருத்திய சோதனை மேசை, ஒரு வோல்ட் மீட்டர், ஒரு ஆம்பியர் மீட்டர், சுமை ஏற்றிப் பார்க்க வரிசையாக ஹெட்லைட் பல்புகள், பேரிங் இழுக்கும் கருவி, சாலிடரிங் இரும்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்தில் இவ்வளவும். நடத்துகிறவர் அறுபதைக் கடந்த பெரியவர்; ஆம்பூர் பக்கத்துத் தமிழ். எனக்கு முன்னால் நின்ற லாரிக்காரரிடம் உருதுவிலும் அதற்கு முன் வந்தவரிடம் கன்னடத்திலும் பேசிக்கொண்டிருந்தவர், என் பையைத் திறந்து ஆல்டர்னேட்டரைப் பார்த்ததும், "ஏன் தம்பி கழட்டினீங்க? என்னா கம்ப்ளெயின்ட்டு?" என்று கேட்டார். மீட்டர் அளவுகளை எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். அதை முழுவதும் படித்தார். "ஸ்குரூடிரைவர் ஒட்டிச்சா? அப்ப பாஸிட்டிவ் டயோடுதான். ஆனாலும் மேசையில போட்டுப் பாத்துடுவோம்" என்றார். அந்த 'ஆனாலும்' என்ற சொல்லுக்காகவே இந்த மதிப்பீட்டை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மேசையில் சுற்றியபோது, சுமை ஏற்ற ஏற்ற மின்னழுத்தம் இறங்குவதை எனக்கும் காட்டினார். பிரிப்பதற்கு முன், முன் மூடியும் பின் மூடியும் சேரும் இடத்தில் உளியால் ஒரு சிறு கோடு போட்டார். திரும்பச் சேர்க்கும்போது அந்தக் கோடு நேராக வந்தால்தான் எஞ்சினோடு பொருத்தும் காதுகள், அதாவது போல்ட் நுழையும் துளையுள்ள நீட்சிகள், பழைய கோணத்தில் அமையும். நான்கு நீளப் போல்ட்டுகளைக் கழற்றிப் பிரித்து, காயில் முனைகளைச் சாலிடரிலிருந்து விடுவித்து, ஒவ்வொரு டயோட்டையும் சோதனை விளக்கால் இருபுறமும் தொட்டுக் காட்டினார். ஐந்து டயோட்களில் விளக்கு ஒரு திசையில் மட்டும் எரிந்தது. ஆறாவதில் இரு திசையிலும் எரிந்தது. கார்பன் பிரஷ் நான்கு மில்லிமீட்டர்தான் மிச்சம். புதியதன் பாதி நீளம்கூட இல்லை. முன் பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றியபோது மணல் அரைபடுவது போன்ற சத்தம் கேட்டது. ரோட்டரின் மின்தடை 2.9 ஓம், அதாவது சரியான அளவு. வெளிக் காயிலின் நிறம் சற்றுப் பழுப்பேறியிருந்தாலும், உடலோடு எங்கும் ஒட்டவில்லை என்பதை விளக்கால் சோதித்துக் காட்டினார்.

டயோட் ஏன் போகிறது என்று கேட்டேன். இந்த ஊர் டிராஃபிக்தான் காரணம் என்றார். சில்க் போர்டிலோ ஹெப்பாளத்திலோ அரைமணி நேரம் ஊர்ந்து போகும் வண்டியில் ஏசி, ஃபேன், ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடும். எஞ்சின் மட்டும் மெதுவாகச் சுழலும். ஆல்டர்னேட்டரைக் குளிர்விக்கும் விசிறி அதன் ரோட்டரிலேயே இருப்பதால், சுழற்சி குறைந்தால் காற்றும் குறையும். சுமை உச்சத்தில், காற்று குறைவில், பக்கத்தில் எஞ்சினின் சூடு. டயோட் தகடு அப்படித்தான் வெந்து போகிறது என்று அவர் விளக்கியது, நான் பின்னர் யோசித்துப் பார்த்தபோதும் முழுக்கச் சரியாகவே பட்டது.

மூன்று வழிகளை விலையோடு சொன்னார். புதிய ஆல்டர்னேட்டர் 8,800 ரூபாய். 1961இல் தொடங்கப்பட்ட, சென்னைப் பாடியில் ஆலை உள்ள லூகாஸ் டிவிஎஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் பெட்டிகள் அந்தச் சாலைக் கடைகளில் கிடைக்கின்றன. பழையதைக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் செய்த ஒன்றை எடுத்துக்கொண்டால் 4,500. என்னுடையதையே டயோட் தகடு, பிரஷ், இரண்டு பேரிங் மாற்றித் தந்தால் 2,650. "உங்க காயிலும் பாடியும் கம்பெனி காயில், கம்பெனி பாடி. அத எதுக்கு எக்ஸ்சேஞ்சுல வுடுறீங்க? எங்க கிட்ட இருக்குறது யார் வண்டியில இருந்து வந்துச்சோ" என்றார். தன் கடையில் விற்பனைக்கு இருக்கும் அதிக விலைப் பொருளை வேண்டாம் என்று சொல்லும் ஒருவரிடம் நான் வேறு என்ன கேட்பது?

வேலை நடந்த இரண்டு மணி நேரமும் நான் அங்கேயே நின்றேன். போ என்று அவர் சொல்லவில்லை. பேரிங் பெட்டிகளை என் முன்னால்தான் பிரித்தார்கள். பிரஷ் உராயும் தாமிர வளையங்களில் லேசான பள்ளம் விழுந்திருந்தது. லேத்தில் கடைந்தால் வளையம் மெலிந்துவிடும் என்பதால், மெல்லிய எமரித் தாளால் சுழற்றித் தேய்த்தே மெருகேற்றினார். சேர்க்கும்போது புதிய பிரஷ்கள் வெளியே தள்ளிக்கொண்டு நிற்குமாதலால், அவற்றை உள்ளே அழுத்தி, பின் மூடியில் அதற்கென்றே உள்ள சிறு துளை வழியே ஒரு கம்பியைச் செருகிப் பிடித்து, ரோட்டர் உள்ளே அமர்ந்த பிறகு கம்பியை உருவினார். கடைசியில் மறுபடி மேசை. 55 ஆம்பியர் வரை சுமை ஏற்றியும் 14.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ரெகுலேட்டரை ஏன் மாற்றவில்லை என்று கேட்டதற்கு, அந்த எண்ணைக் காட்டி, "நல்லா இருக்குறத மாத்தி உங்க கிட்ட 900 ரூபா வாங்கணுமா?" என்று மட்டும் சொன்னார்.

இனிக் குறைகள். பெல்ட்டும் வெடித்திருந்ததால் அங்கேயே ஒன்று கேட்டேன். பட்டறைப் பையன் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வந்து கொடுத்ததை நான் சரிபார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் மாட்டும்போதுதான் அது உட்புறம் நீளவாக்கில் ஐந்து வரி மேடுகள் உள்ள பெல்ட் என்பது தெரிந்தது. எங்கள் புல்லிக்கு நான்கு வரிதான். பெல்ட்டின் முதுகில் 4பிகே, 5பிகே என்று அச்சிட்டிருக்கும் முதல் எண் வரிகளையும், அதையடுத்து வரும் எண் நீளத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கிறது. இரண்டும் பழைய பெல்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். அன்று சனிக்கிழமை மாலை. மறுநாள் கடை விடுமுறை. நல்வேளையாக எங்கள் பகுதியிலேயே வேறு ஒரு கடையில் சரியான பெல்ட் 580 ரூபாய்க்குக் கிடைத்தது. தவறான பெல்ட்டுக்கான பணத்தைத் திங்கட்கிழமை பட்டறையில் மறு பேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் பழைய பெல்ட்டை அவர்களிடம் காட்டியிருந்த பிறகு இந்தத் தவறு நடந்திருக்கக் கூடாது.

இரண்டாவது குறை சிறியதாகத் தெரியும், ஆனால் எனக்கு அதுதான் அதிகக் கவலை தந்தது. பி பிளஸ் முனையில் இருந்த ஸ்பிரிங் வாஷர் திரும்பி வரவில்லை. நான் கொண்டுபோகும்போது அது நட்டோடு சேர்த்து முனையில்தான் இருந்தது. அறுபது, எழுபது ஆம்பியர் ஓடக்கூடிய அந்த முனையில் நட் அதிர்வினால் சற்றே இளகினாலும் தொடுமிடம் சூடேறி, கம்பியின் உறை உருகி, தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம். எட்டு அளவு ஸ்பிரிங் வாஷர் இரண்டு ரூபாய்தான். ஆனால் அது இல்லை என்பதைக் கவனிக்காமல் மாட்டியிருந்தால்? மேசையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் முன் நட்டையும் வாஷரையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அந்தப் பட்டறைக்கு வர வேண்டும். இதைப் பெரியவரிடம் நேரிலும் சொன்னேன். பையனைக் கூப்பிட்டு என் எதிரிலேயே கண்டித்தார். ரசீதும் கையால் எழுதிய துண்டுச் சீட்டுதான். ஆறு மாத உத்தரவாதம் என்று அதில் இருக்கிறது, எந்தெந்தப் பாகங்களுக்கு என்பது இல்லை. நான் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

பொருத்துவது கழற்றுவதைவிட எளிது. ஆனால் இரண்டு இடங்களில் அவசரப்படக் கூடாது. ஆல்டர்னேட்டர் தன் எர்த் இணைப்பை எஞ்சினோடு தொடும் காதுகள் வழியாகவே பெறுகிறது; ஆகவே அந்தக் காதுகளையும் எஞ்சின் பக்கத்துத் தாங்கியையும் கம்பிப் பிரஷால் துரு போகத் தேய்த்த பின்பே போல்ட்டைச் செருகினேன். அடுத்தது பெல்ட்டின் இழுவிசை. தளர்ந்தால் வழுக்கிக் கத்தும், சார்ஜ் ஏறாது. இறுக்கினால் இப்போதுதான் போட்ட பேரிங் சில மாதங்களில் போய்விடும். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் பத்துக் கிலோ அளவுக்கு அழுத்தினால் எத்தனை மில்லிமீட்டர் உள்வாங்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். புதிய பெல்ட்டுக்கும் பழையதற்கும் தனித்தனி அளவு கொடுத்திருப்பார்கள். நான் அளவுகோலை வைத்துப் பார்த்தே பூட்டினேன். பத்து நாள் கழித்துப் பெல்ட் சற்றுத் தளர்ந்து, காலையில் கிளப்பும்போது இரண்டு நொடி கத்தியது. மறுபடி ஒருமுறை இழுத்துப் பூட்டியபின் இன்றுவரை சத்தமில்லை.

வண்டியைக் கிளப்புவதற்கு முன் பேட்டரியை ஓர் இரவு முழுவதும் சார்ஜரில் போட்டேன். காலியான பேட்டரியோடு கிளப்பினால், ஆல்டர்னேட்டர் முதல் நிமிடத்திலிருந்தே முழுச்சுமையோடு மணிக்கணக்கில் உழைக்க நேரும். புதிய டயோட் தகட்டுக்கு அந்தத் தண்டனை வேண்டாம் என்று பெரியவரும் சொல்லியிருந்தார்.

முதல் கிளப்பில் 14.3 வோல்ட். ஹெட்லைட், ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டபோது 14.0. ஏசி அலைவு 0.03 வோல்ட். பி பிளஸ் முனைக்கும் பேட்டரியின் பாஸிட்டிவ் முனைக்கும் இடையே சுமையோடு அளந்தபோது இழப்பு 0.12 வோல்ட், 0.2க்குள் இருந்தால் கம்பியும் இணைப்புகளும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். எஞ்சினை நிறுத்தி, அரைமணி நேரம் கழித்து, ஸ்குரூடிரைவரைக் கொண்டுபோனேன். ஒட்டவில்லை. நான்கு மாதம் கழித்து, கடந்த ஞாயிறன்று மறுபடி எல்லாவற்றையும் அளந்தேன். ஓடும் மின்னழுத்தத்தில் மாற்றமில்லை, நிறுத்திய நிலையில் 0.02 ஆம்பியர்.

யாருக்கு இந்த வழி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மாருதி சுசூகியின் ஸ்மார்ட் ஹைபிரிட் வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குப் பதில், மோட்டாராகவும் வேலைசெய்யும் ஐஎஸ்ஜி என்னும் கருவி இருக்கிறது. அதை வீட்டிலும் பிரிக்கக் கூடாது, இதுபோன்ற பட்டறையிலும் கொடுக்கக் கூடாது. ஈசியூவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் மின்னழுத்தம் நிலைமைக்கேற்ப ஏறி இறங்குவது இயல்பு. நான் மேலே சொன்ன எண்களை வைத்து அங்கே முடிவுக்கு வந்துவிட முடியாது. பழைய சிறிய பெட்ரோல் வண்டி, கை நுழையும் இடைவெளி, ஜாக் ஸ்டாண்ட், ஒரு மல்டிமீட்டர், ஒரு முழு நாள் ஆகியவை இருப்பவர்கள் தயங்காமல் போகலாம்.

போகிறவர்கள் வாரநாளில் காலை பதினொரு மணிக்குள் போங்கள். மதியத்துக்குப் பிறகு லாரி வேலைகள் வந்து குவிந்துவிடுகின்றன. பழைய பெல்ட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அதன் முதுகில் உள்ள எண்ணை நீங்களே படித்துச் சொல்லுங்கள். அளவுகளை எழுதிய தாளையும் மறக்க வேண்டாம். பெரியவர் அதை வாங்கிப் படிப்பார்.